வடக்குப் பார்த்து விறைத்த ஆமை

குளிரில் விறைத்துப்போன ஆமையைப் பிழைக்கவைக்கும் தொழிலில் பாதி வேலை, சுற்றி நிற்கிற மனிதர்களின் கையைப் பிடித்து நிறுத்துவது. மீதிப் பாதி, பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பது.

தொழில் என்று நான் சொல்வதைக் கேட்டால் எங்கள் ஊர் கால்நடை மருத்துவர் சுகந்தி சிரிப்பார். சம்பளம் இல்லை, பட்டம் இல்லை. கடலோர ஊரொன்றில் கல்லூரிப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவள் நான். அங்கே விடியற்காலையில் மணலில் நடந்து, கடலாமை முட்டையிட்ட குழிகளை நாய்களிடமிருந்து காப்பாற்றிய கூட்டத்தில் நானும் ஒருத்தி. ஓய்வு பெற்றபின் கணவரின் மூச்சுக்கு மலைக்காற்று நல்லதென்று ஏற்காட்டுக்கு ஏறி வந்தோம். அவர் போய்விட்டார். மலைக்காற்று இருக்கிறது.

மலையில் ஆமைக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். லாட்ஜ்காரர்களுக்கு யாரோ வாஸ்து சொல்லியிருக்கிறார்கள். வாசலில் தண்ணீர், தண்ணீரில் ஆமை, ஆமையின் முகம் வடக்கே. பித்தளை ஆமை போதும். ஆனால் உயிருள்ளதற்குப் 'பவர்' அதிகமாம். சேலத்தில் மீன்தொட்டி விற்கிற கடைகளில் வாங்கிவந்து சிமெண்டுத் தொட்டியில் போடுகிறார்கள். வெயில் ஊரில் பிறந்த உயிர்கள். கார்த்திகை முடிந்து பனி இறங்கியதும் ஒவ்வொன்றாக விறைத்து மிதக்கும். உடனே டாக்டரைக் கூப்பிடுவார்கள். டாக்டர் பசு மாட்டுக்கு ஊசி போடச் செம்மநத்தம் போயிருப்பார். என்னைக் கூப்பிடச் சொல்லுவார்.

தெருநாய்க்குச் சோறு வைத்து அக்கம்பக்கத்தில் வசவு வாங்கியவர்களே, சிறகொடிந்த மைனாவை அட்டைப்பெட்டியில் சுமந்துகொண்டு ஆபீசுக்குத் தாமதமாகப் போனவர்களே, இது உங்களுக்காக எழுதுவது. மற்றவர்கள் படித்தால் என்னைக் கிறுக்கி என்பார்கள். நேரிலேயே சொல்லிவிட்டார்கள், பரவாயில்லை.

பால் ஊற்றிய ஆமை

முதலில் ஒரு பழைய கதை. இந்தத் தொழிலின் முதல் பாடமே இதில்தான் இருக்கிறது.

ஏரிப்பக்கத்து லாட்ஜ் ஒன்றில் ஆமை செத்துவிட்டதென்று சொன்னார்கள். நான் போய்ச் சேருவதற்குள் புதைத்தும் விட்டார்கள். தோட்டக்காரர் நல்ல மனிதர். குழி தோண்டி, மஞ்சள் தெளித்து, சமையற்கட்டிலிருந்து ஒரு டம்ளர் பால் வாங்கிவந்து ஊற்றி, முறையாக அடக்கம் செய்திருந்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் மண்வெட்டியை நானே பிடுங்கினேன். அதற்குள் உச்சிவெயில் ஏறி, மேலாக மூடியிருந்த மண் சூடேறிவிட்டது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மண் அசைந்தது. பால் வழிந்த தலையோடு ஆமை வெளியே வந்து, யாரையும் பார்க்காமல், ரோஜாச்செடிகள் இருந்த பக்கம் நடந்தது.

குளிர்ந்த ஆமையின் நெஞ்சு எப்போதாவது ஒருமுறைதான் துடிக்கும். தொட்டால் தெரியாது. கண்ணைக் குத்தினாலும் இமைக்காது. அதனால்தான் டாக்டர் சுகந்தி சொல்லுவார், வெதுவெதுப்பான பிறகும் அசையாமல் கிடந்தால்தான் செத்ததென்று பேசலாம், குளிர்ந்து கிடக்கும்வரை வாயைத் திறக்கக் கூடாதென்று. அன்றைக்கு இதை நான் தோட்டக்காரருக்கு விளக்கிச் சொன்னேன். அவர் ஆமையையும் காலி டம்ளரையும் மாறிமாறிப் பார்த்தார். "பால் ஊத்தியாச்சுங்களே டீச்சரம்மா, இப்ப எந்திரிச்சா நான் எந்தக் கணக்குலீங்க சேத்தறது?"

திரும்ப முடியாத தொட்டி

இனிச் சொல்லப்போவது எல்லாம் ஒரே ஆமையின் கதை. இந்த மார்கழியில் நடந்தது.

ஆமையின் முகத்தை எப்போதும் வடக்கேயே எப்படி வைத்திருப்பது? தண்ணீரில் விட்டால் அது தன் இஷ்டத்துக்குத் திரும்பும். இந்தச் சிக்கலை மலையில் ஒரே ஒருவர்தான் தீர்த்தார். தொட்டியை ஆமையின் அகலத்துக்குக் கட்டிவிட்டால் அது திரும்பவே முடியாது என்று கண்டுபிடித்தார். அவர் பெயர் செங்கோட்டுவேலு. லாட்ஜ் வைத்திருக்கிறார். நான் குடியிருந்த வீடும் அவருடையதுதான்.

ஐப்பசியில் அந்தத் தொட்டியைக் காட்ட அவரே என்னை அழைத்துப் போனார். கட்டடத்தின் வடபுறம். அங்கே பனிக்காலத்தில் வெயிலின் நுனி விரல்கூடப் படாது. தண்ணீர்த் தொட்டி என்பதைவிட நீளமான கல்லறை என்று சொன்னால் பொருந்தும். குனிந்து பார்த்தேன். சாப்பாட்டுத் தட்டு அளவுள்ள ஓடு. பக்கத்தில் கால்கள் இல்லை, துடுப்புகள் இருந்தன. இருபது வருடம் நான் மணலில் தடம் பார்த்து நடந்த உயிர். பங்குனி மாதம் கரைக்கு வருவதால் எங்கள் பக்கத்து மீனவர்கள் பங்குனி ஆமை என்பார்கள். கடலாமை. தலையை நீருக்கு மேலே வைத்திருந்தது; கண்ணுக்குக் கீழே கண்ணீர்க் கோடு. உப்பை வெளியேற்ற அது அழுதுகொண்டே இருக்கும், துக்கமில்லை. அப்படித்தான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அந்தத் தொட்டியைப் பார்த்தபின் அப்படி அடித்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கடற்கரைக்குச் சுற்றுலா போனபோது செங்கோட்டுவேலுவின் நண்பர் ஒருவர், முட்டையிலிருந்து வெளிவந்து கடலுக்கு ஓடிய குஞ்சைத் தண்ணீர் பாட்டிலில் பிடித்துவந்து பரிசாகக் கொடுத்தாராம். முதலில் கண்ணாடித் தொட்டியில் ஆபீஸ் அறைக்குள் வளர்ந்ததாம். பெரிதானதும் வாசலுக்கு வந்துவிட்டது. இது கடலுக்குரியது, வைத்திருப்பது சட்டப்படி குற்றம், பனி இறங்கினால் செத்துவிடும் என்று மூன்றையும் சொன்னேன். அவர் சமையற்கட்டிலிருந்து கல்லுப்பு மூட்டையைக் கொண்டுவரச் சொல்லி எனக்குக் காட்டினார். "கடலுன்னா என்னங்க டீச்சரம்மா, உப்புத் தண்ணிதானுங்களே? நாங்க தவறாம உப்புப் போட்டுத்தானுங்க வெச்சிருக்கறோம்."

எங்க எல்லைக்கு வெளியே

மறுநாள் காட்டு இலாகாக் காவலர் ஒருவரை பஸ் ஸ்டாண்டில் பிடித்தேன். டீ குடித்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொல்லி எனக்கும் ஒரு டீ சொன்னார். மரியாதைக்குக் குறைவில்லை. நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். மலை மேலே கடலாமை என்றதும் டீக்கடைக்காரரும் வந்து கேட்டார். பஸ்ஸுக்கு நின்றவர்கள் கேட்டார்கள். இரண்டு பேர் சிரித்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. புலிக்கு எந்தச் சட்டமோ அதே சட்டம்தான் இதற்கும் என்று சொன்னேன். சட்டம் கடற்கரையோடு நின்றுவிடுகிற அலை இல்லை என்றும் சொன்னேன். வகுப்பெடுக்கும் குரல் வந்துவிட்டது எனக்கு. காவலர் தொப்பியைக் கழற்றி முழங்கால் மேல் வைத்துக்கொண்டு, நிஜமாகவே வருத்தப்பட்டார். "மான், காட்டெருமை, மலைப்பாம்புன்னு சொல்லுங்கம்மா, இப்பவே வண்டியெடுக்கறன். கடலுக்கு எங்க ரேஞ்சுல நாங்க எங்கீங்க போறது?"

கேம்ப் ஃபயர்

மார்கழி பிறந்தது. கிறிஸ்துமஸ் கூட்டம் மலையேறத் தொடங்கியிருந்தது. ஒரு காலை லாட்ஜில் அறைகளைச் சுத்தம் செய்கிற மல்லிகா போன் செய்தாள். கிளியூர்ப் பெண். ஆமைக்கு முதலாளி வாங்கிவைக்கும் கோழித்தீவனத்தைக் கொட்டிவிட்டு, தன் காசில் மீன் வாங்கிப் போட்டவள். "ஏனுங்கம்மா, நம்ம ஆமைக்கு என்னமோ ஆயிப்போச்சுங்க. தலை தண்ணிக்குள்ள தொங்குதுங்க. வெரசா வாங்க."

மூடுபனி. ஏரிப்பக்கம் எதுவும் தெரியவில்லை. நான் ஓட முடியாத வயதில் ஓடினேன். போய்ப் பார்த்தால் வைத்தியம் அமர்க்களமாக நடந்துகொண்டிருந்தது. ரூம்பாய் ஒருவர் கெய்சரிலிருந்து கொதிக்கக் கொதிக்க வெந்நீர் வாளி கொண்டுவந்து தொட்டியின் ஒரு முனையில் ஊற்றிக்கொண்டிருந்தார். விருந்தினர் ஒருவர் பாட்டில் மூடியில் பிராந்தியோடு நின்றார். இன்னும் சிலர் முந்தின இரவு கேம்ப் ஃபயரில் மிச்சமிருந்த கட்டைகளை மூட்டி, ஆமையை அதன் பக்கத்தில் வைக்கலாமென்று யோசனை சொன்னார்கள். பொங்கலுக்குப் பானை வைப்பதுபோல.

விறைத்த உடம்புக்குச் சட்டென்று சூடு கொடுத்தால் தோலும் சதையும் விழித்துக்கொள்ளும்; நெஞ்சு தூங்கிக்கொண்டிருக்கும். விழித்த சதை ரத்தம் கேட்கும். நெஞ்சால் கொடுக்க முடியாது. குளிர் கொல்லாத ஆமையை இந்தக் கருணை கொன்றுவிடும். "எல்லாரும் கையை எடுங்கள்" என்று கத்தினேன். அறுபது பேர் வகுப்பை அடக்கிய குரல் அது. வாளி கீழே விழுந்தது. தொட்டிக்குள் இறங்கி ஆமையைத் தூக்கினேன். ஈரக் கல்லைத் தூக்குவதுபோல இருந்தது. ஒரு துடுப்பின் நுனி கறுத்திருந்தது. மல்லிகா தன் துண்டை நனைத்துக் கொடுத்தாள். அதை ஓட்டின் மேல் போர்த்தி நிமிர்ந்தபோது, தொப்பி போட்ட பெண்ணொருத்தி போனோடு என் வழியை மறித்தாள். "ஆன்ட்டி, ஒரே ஒரு ரீல்ஸ் எடுத்துக்கறோம், அதுக்கப்புறம் காப்பாத்துங்க."

வாசலோடு நிறுத்து

டாக்டர் சுகந்தி என் வீட்டு விறகுக் கொட்டகைக்கு வந்து, கருவியை வைத்து வெகுநேரம் கேட்டார். பசுவின் வயிற்றில் கை விடும்போதுகூட அவர் முகம் அப்படி இருந்ததில்லை. பிறகு ஒருமுறை தலையசைத்தார். இருக்கிறது. கடற்கரையில் கடலாமைகளுக்கு வைத்தியம் பார்க்கிற மருத்துவர் ஒருவரைப் போனில் பிடித்தார். தண்ணீரில் விடாதே, ஈரத்துணி போர்த்து, கண்ணுக்குக் களிம்பு போடு, சாப்பாடு கொடுக்காதே, குளிர்ந்த இடத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஒவ்வொரு நாளும் கொஞ்சம் வெதுவெதுப்பான இடத்துக்கு மாற்று என்றார் அவர். மாவட்டத்தில் தனக்குத் தெரிந்த மேலதிகாரியிடம் பேசி வண்டி கேட்பதாகச் சுகந்தி சொன்னார். விடுமுறை முடிந்துதான் வண்டி வரும். அதுவரை ஆமையை உயிரோடு வைத்திருக்க வேண்டும். வேறு ஒன்றும் வேண்டாம். அதுவே மலை போல இருந்தது.

முதல் நாள் அந்தக் கொட்டகை போதும். இரண்டாம் நாள் கூடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கேதான் வந்தது வினை. செங்கோட்டுவேலுவும் அவர் மனைவி பாக்கியமும் வாசலில் நின்றார்கள். ஆமை வீட்டுக்குள் நுழைந்தால் குடி விளங்காது என்று அவர்கள் நம்புகிறார்கள். நாடே நம்புகிறது, அவர்களை மட்டும் சொல்லிப் பயனில்லை. ஆனால் லாட்ஜ் வாசலில் இருந்தால் அதிர்ஷ்டம். அதே ஆமை, அதே ஓடு, இருபதடி தள்ளி வைத்தால் லட்சுமி, இருபதடி உள்ளே வந்தால் மூதேவி. குளிரில் நின்றால் ராசி, குளிர் காய்ந்தால் தரித்திரம். இதற்கு எந்த நூலில் உரை எழுதியிருக்கிறது என்று கேட்டேன். பாக்கியம்தான் பதில் சொன்னார், கையைக் கூப்பிக்கொண்டு, அழாத குறையாக. "நீங்க நாளைக்கே காலி பண்றன்னாலும் உடறமுங்க டீச்சரம்மா, ஆமை மட்டும் ஊட்டுக்குள்ள வரப்படாதுங்க."

விருந்தாளி

பஜாரில் அந்தோணி மாஸ்டரின் பேக்கரி இருக்கிறது. செங்கல் அடுப்பு. அடுப்புக்குப் பின்புறச் சுவரை ஒட்டி மாவு மூட்டைகள் அடுக்கிய ஒரு சிறு அறை. வாசலருகே குளிர், உள்ளே போகப்போக வெப்பம் படிப்படியாக ஏறும், கடைசியில் சுவரில் கை வைத்தால் காய்ச்சல் விட்ட நெற்றி போல இருக்கும். எனக்கு வேண்டியது அதேதான். மாஸ்டரிடம் விஷயத்தைச் சொன்னேன். கிறிஸ்துமஸ் கேக் வேலையில் அவருக்குத் தலைக்கு மேல் நெருப்பு. கையில் ஒட்டிய மாவைத் துடைக்கக்கூட நேரமில்லாமல், மாவு பிசைகிற பெரிய பேசின்களில் ஒன்றை நீட்டினார். "வெச்சுக்கங்க டீச்சரம்மா. குளிர்ல வந்தவங்கள வெளிய நிறுத்தற வாரமாங்க இது?"

பழைய தலையணை போட்டு, அதில் ஆமையைக் கிடத்தி, ஈரத்துணி போர்த்தி, ஒவ்வொரு நாளும் பேசினைச் சுவரை நோக்கி நகர்த்தினேன். பகலெல்லாம் மூட்டை மேல் உட்கார்ந்திருந்தேன். துணி காய்ந்தால் நனைப்பது, களிம்பு போடுவது, காத்திருப்பது. ஏலக்காயும் கருகிய சர்க்கரையும் மணக்கிற அந்த அறையில், என் வாழ்நாளில் வாசித்ததையெல்லாம்விட நீண்ட ஒரு அமைதியை வாசித்தேன். மூச்சு வருகிறதா என்று குனிவேன். வராது. அடுத்ததற்குக் காத்திருக்கும்போது நானும் மூச்சை நிறுத்திக்கொண்டிருந்தது பிறகுதான் தெரியும். என் கணவரின் கடைசி வாரமும் இப்படித்தான் இருந்தது. அதை எழுத இது இடமில்லை.

ஒரு பிற்பகல், ஈரோட்டிலிருந்து வந்த அம்மாள் ஒருவர் முட்டையில்லாத கேக் கேட்டு, நிஜமாகவே முட்டை சேர்க்கவில்லையா என்று தெரிந்துகொள்ள உள்ளே எட்டிப் பார்த்துவிட்டார். போட்ட கூச்சலில் கடை முழுக்கத் திரும்பியது. கேக் கடையில் ஆமையா, சுத்தம் இல்லையா, சாமி குத்தம் வராதா என்று படபடவென்று கொட்டினார். மாஸ்டர் அடுப்பிலிருந்து தட்டை இழுத்துக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் பதில் சொன்னார். "அதுவும் உங்களாட்டம் டூரிஸ்டுதானுங்க அம்மிணி, வந்த எடத்துல குளிர் தாங்காம உள்ள உக்காந்திருக்குது."

கறிவேப்பிலை பறிக்க வந்தவர்

கிறிஸ்துமஸ் அன்று மாஸ்டர் அடுப்பை அணைத்துவிட்டார். வருடத்தில் அவர் அடுப்பு அணைகிற ஒரே நாள். காலையிலேயே சுவர் குளிரத் தொடங்கியது. இத்தனை நாள் படிப்படியாக ஏற்றியதை ஒரே பகலில் இழக்க முடியாது. பேசினைத் துணியால் மூடி, பஜார் வழியாக, வேண்டுதல் சுமக்கிறவள் போல இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தேன். வீட்டுக்குள் போனேன். வாசற்படியில் ஒரு கணம்கூட நிற்கவில்லை. கூடத்தில் ஹீட்டரைத் தூரத்தில் வைத்து, தெற்கு ஜன்னலைத் திறந்தேன். வெயில் நேராக வந்து பேசினில் விழுந்தது. வடபுறத்துத் தொட்டிக்குப் போனபின் அந்த ஆமையின் மேல் விழுந்த முதல் வெயில் அது.

எங்கள் வீட்டின் பின்னால் ஒரு கறிவேப்பிலை மரம். சமையலுக்குப் பறிக்கப் பாக்கியம் எப்போதும் அங்கேதான் வருவார். அன்றும் வந்தார். ஜன்னல் வழியாகப் பார்த்தார். அவர் பார்த்த அதே கணத்தில், இத்தனை நாளும் கல்லாகக் கிடந்தது, தலையைத் தூக்கியது. முன் துடுப்பு ஒன்று தலையணையை ஒருமுறை தட்டியது. பிறகு வாயைத் திறந்து, புஸ்ஸென்று ஒரு பெரிய மூச்சு. கடலில் மேலே வந்து விடுகிற மூச்சு. அந்தச் சத்தத்தை நான் கடைசியாகக் கேட்டுப் பல வருடம் ஆகிவிட்டது. நான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். பாக்கியத்தின் கையிலிருந்து கறிவேப்பிலை மொத்தமும் கீழே விழுந்தது. "ஊட்டுக்குள்ள வந்ததுமில்லாம, என்னையப் பாத்துப் பெருமூச்சு வேற உடுதுங்களே டீச்சரம்மா!"

ராசி திரும்பியது

ஆமை எழுந்த செய்தி மாலைக்குள் பஜாரைச் சுற்றிவிட்டது. மறுநாள் செங்கோட்டுவேலு பேக்கரிக்கு வந்தார். ஆமை மறுபடி சுவரோரம் போய்விட்டிருந்தது. கையில் பழத்தட்டு. முகத்தில் பக்தி. செத்துப் பிழைத்த ஆமைக்குப் பவர் இரண்டு மடங்காம். சேலத்து வாஸ்துக்காரர் போனிலேயே சொல்லிவிட்டாராம். புத்தாண்டுக்கு எல்லா ரூமும் நிறைந்திருக்கிறது, ஆமை வாசலில் இருந்தே ஆக வேண்டுமாம். அதே தொட்டி. அதே தண்ணீர். அதே வடக்கு.

நான் மிகவும் மென்மையாகப் பேசுவேன் என்று பழைய மாணவர்கள் சொல்லுவார்கள். அன்று பேக்கரியில் இருந்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். ஓடியாடிய உயிரை அசைய முடியாமல் கட்டிவைத்து, அது விறைத்ததும் வீட்டுக்குள் விடாமல் வாசலோடு நிறுத்தி, பிழைத்ததும் தட்டோடு வருகிறீர்களே, உங்களை ஒரே ஒரு பகல் அந்தத் தொட்டியில் வடக்குப் பார்த்து நிறுத்திவைத்தால் எவ்வளவு ராசி கிடைக்கும் என்று கேட்டேன். டாக்டர் சுகந்தியும் வந்துவிட்டார். வண்டி வருவது உறுதியாகிவிட்டது, அதுவரை இதைத் தொட்டால் வழக்கு என்று சொன்னார். வழக்கு என்ற சொல்லுக்குச் செங்கோட்டுவேலுவின் முகம் சற்று இறங்கியது. ஆனால் வியாபாரி. சட்டென்று வேறு வழி பார்த்தார். "செரிங்க, ஆமை போவுட்டும். இந்தத் தலகாணியாச்சும் குடுங்க, அதுல படுத்துப் பொழைச்சதுதானுங்களே?"

கொஞ்சம் தள்ளி நில்லுங்க

வண்டி வந்த அன்று லாட்ஜ் வாசலில் கூட்டம். மேலதிகாரிகள், பொன்னாடை, நிருபர் ஒருவர். அரிய கடலாமையைத் தானே முன்வந்து ஒப்படைத்த தொழிலதிபர் என்று செங்கோட்டுவேலுவுக்குப் பாராட்டு. எச்சரிக்கை செய்ததோடு விட்டுவிட்டார்களாம். எச்சரிக்கையை நான் பார்க்கவில்லை, பொன்னாடையைத்தான் பார்த்தேன். பஸ் ஸ்டாண்டில் எனக்கு டீ வாங்கிக்கொடுத்த காவலரும் நின்றார். என்னைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டார். மல்லிகாவை யாரும் கூப்பிடவில்லை. அவள் மாடியில் போர்வை உதறிக்கொண்டே பார்த்தாள்.

இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி, சமவெளி தாண்டி, கடலுக்குப் போக வேண்டும். டாக்டர் சுகந்தி பேசினை மடியில் வைத்துக்கொண்டு பின்சீட்டில் உட்கார்ந்தார். ஆமைக்கு வாந்தி வருமா என்று டிரைவர் கேட்டதற்கு, உனக்கு வராமல் ஓட்டு என்றார். நான் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி ஓட்டைத் தொட்டேன். கதகதப்பாக இருந்தது. எத்தனையோ பிள்ளைகளை வழியனுப்பியிருக்கிறேன். யாருக்கும் இப்படிச் சொல்லத் தோன்றவில்லை, திரும்பி வந்துவிடாதே என்று. இன்னும் ஒரு கணம் அப்படியே நின்றிருப்பேன். பின்னாலிருந்து செங்கோட்டுவேலுவின் குரல் வந்தது. "டீச்சரம்மா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, போட்டோவுல ஆமை தெரியோணுமுங்க."

இப்போது

கடற்கரையிலிருந்து டாக்டருக்குச் சேதி வருகிறது. கறுத்த துடுப்பு நுனி உதிர்ந்துவிட்டது. முதலில் ஒருபக்கமாகச் சாய்ந்து மிதந்ததாம். இப்போது நேராக முங்குகிறது. சாளை மீனைத் துரத்திப் பிடிக்கிறது. பெரிய வட்டத் தொட்டியில் விட்டிருக்கிறார்கள். முதல் நாள் நேர்கோட்டில் மட்டும் நீந்தி, சுவரில் முட்டி முட்டி நின்றதாம். திரும்பலாம் என்பது அதற்கு மறந்திருந்தது. கற்றுக்கொண்டுவிட்டது. நன்றாகத் தேறினால் கடலில் விடுவார்கள்.

தை பிறந்ததும் என்னை வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். ஆமை நுழைந்த கூடத்தில் ஹோமம் நடத்தி, சுவருக்கு வெள்ளையடித்தார்கள். அந்தோணி மாஸ்டர் மாவு மூட்டைகளை ஒருபக்கம் ஒதுக்கி, அடுப்புக்குப் பின்னால் இருக்கிற அறையை எனக்குக் கொடுத்திருக்கிறார். புத்தகங்கள் மூட்டைகளுக்கு மேலே. காலையில் எழுந்தால் தலைமயிரில் மைதா. நரைக்கு நரை, வித்தியாசம் தெரிவதில்லை.

நேற்று மல்லிகா பன் வாங்க வந்தாள். லாட்ஜ் தொட்டி என்ன ஆயிற்று என்று கேட்டேன். இடித்திருப்பார்கள் என்று ஒரு நப்பாசை. அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, சிரிப்பா கோபமா என்று தெரியாத குரலில் சொன்னாள். "மீன் உட்டிருக்காருங்கம்மா. அதுங்களும் வடக்கதான் பாக்கோணுமாம், தெக்க திரும்புனா குச்சியில திருப்பி உடச் சொல்லி எங்கிட்டச் சொல்லியிருக்காருங்க."

ஆமை நுழைந்ததால் அந்தக் குடி என்ன ஆனதோ எனக்குத் தெரியாது. ஆமையால் குடி பெயர்ந்த நான், அது உடம்பு தேறிய அதே சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, எந்தத் திசையும் பாராமல் நன்றாகக் குளிர் காய்கிறேன்.